கெராங்கின் சிவப்பு யாருடையது?

நிபோங் திபால் காலைச் சந்தையில் கெராங் விற்கும் சீனப் பெண்மணி, வாங்க வருகிறவரின் கண்ணெதிரே ஒரு சிப்பியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து காட்டுவது வழக்கம். உள்ளே சதை சிவந்த நீரில் ஊறிக் கிடந்தால் சரக்கு புதியது. அந்த நீர் மங்கிப் பழுப்பேறியிருந்தால் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்த வயதில், அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சிப்பி உயிரினங்களின் கொழுப்பையும் நிறமிகளையும் பிரித்தறியும் முதுகலை ஆய்வில் சேர்ந்தபோது, அந்தக் கேள்விக்குத் தவறான விடையை எழுதித்தான் என் ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கங்களை நிரப்பினேன்.

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு பனை நிற்கிறது. நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு பனைவகை. பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் தெற்கில், கிரியான் ஆற்றையொட்டிய இந்த வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பிறகு ரப்பர் வந்தது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். கடல் தொலைவில் இல்லை என்றாலும், தோட்டத்து வீடுகளில் கடல் என்றால் சந்தைக்கு வரும் கெராங், கூப்பாங், லாலா ஆகிய சிப்பிகள்தாம். மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: கெராங் என்பது கரையோரச் சேற்றில் வளரும், ஓட்டின் மேல் தடித்த வரிகள் ஓடும் மட்டி. கூப்பாங் என்பது பச்சை விளிம்புள்ள நீண்ட ஓட்டுடன் கயிற்றிலும் கம்பத்திலும் கொத்தாக ஒட்டி வளர்வது. முன்னது சம்பலுக்கும் சார் குவே தியா என்னும் வறுத்த நூடுல்ஸுக்கும் போகும். பின்னதை அம்மா இஞ்சி தட்டிப் போட்டு வேகவைப்பார்.

அப்பா செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். அவர் படித்தது ஆறாம் வகுப்பு வரை. ஆனால் எண்ணெயில் தனித்த கொழுப்பு அமிலம் எத்தனை விழுக்காடு என்று சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு தோன்றும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவதில் அவருக்கு இருந்த கைப்பக்குவம், பட்டம் வாங்கிய எனக்கு இன்றுவரை வரவில்லை. பிற்காலத்தில் ஆலைக்கு ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வந்தது. எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, 446 நானோமீட்டர் அலைநீளத்தில் அது உறிஞ்சும் ஒளியை, 269 நானோமீட்டரில் உறிஞ்சும் ஒளியால் வகுத்தால் ‘டோபி’ என்று ஓர் எண் கிடைக்கும். மேலே உள்ளது எண்ணெய்க்குச் செம்மஞ்சள் நிறம் தரும் கரோட்டின். கீழே உள்ளது எண்ணெய் கெட்டுப்போனதன் தடயம். எண் 3.24-ஐத் தாண்டினால் முதல்தரச் சரக்கு, 1.68-க்குக் கீழே போனால் அது கழிவுக் குழியில் வழித்தெடுத்த எண்ணெய்க்குச் சமம். அப்பா வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இந்த எண்களை, மற்றவர்கள் வீட்டில் நாலு நம்பர் லாட்டரி முடிவைச் சொல்வதுபோலச் சொல்லுவார்.

என் ஆய்வைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி, “அதுல எண்ணெய் எவ்வளவும்மா இருக்கும்?” என்பதுதான். நூறு கிராம் கெராங் சதையில் ஒன்று அல்லது இரண்டு கிராம் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. நூறு கிலோ செம்பனைக் குலையிலிருந்து சுமார் இருபது கிலோ எண்ணெய் எடுக்கும் ஆலையில் இருபது கொஞ்சம் இறங்கினாலே விசாரணை நடக்கும். “ஒரு விழுக்காட்டுக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

பாடு உண்மைதான், ஏனென்றால் ஆலையைப் போல ஆவியில் வேகவைத்துப் பிழிந்தால் சிப்பியிலிருந்து எதுவும் வராது. பழத்தில் உள்ள எண்ணெய், செல்லுக்குள் துளிகளாகத் தனித்து நிற்பது. சிப்பியில் உள்ள கொழுப்பின் பெரும்பகுதியோ செல்களின் சவ்விலேயே பின்னிக் கிடக்கும் பாஸ்போலிப்பிடு. அதன் ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை வெறுக்கும். புரதத்தோடும் கைகோத்து நிற்கும். அதை வெளியே இழுக்க, இரு தரப்பிடமும் பேசத் தெரிந்த ஒரு கரைப்பான் வேண்டும். 1957-இல் ஃபோல்ச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் இரண்டு பங்கு குளோரோஃபார்முடன் ஒரு பங்கு மெத்தனால் சேர்த்து, திசுவின் அளவைப்போல் இருபது மடங்கு ஊற்றும் முறையை வெளியிட்டார்கள். துல்லியமானது, ஆனால் கரைப்பானை வாரி இறைப்பது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1959-இல், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் மீன்வள ஆய்வில் இருந்த பிளை, டையர் என்னும் இருவர் உறைய வைத்த காட் மீனின் சதையை முன்னிறுத்தி ஒரு சிக்கன முறையைச் சொன்னார்கள். இன்றும் உலகம் முழுவதும் மீன், சிப்பி ஆய்வுக்கூடங்களில் அதுதான் புழங்குகிறது.

அந்த முறையின் அழகு, அது சதையில் இருக்கும் நீரையும் ஒரு கரைப்பானாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. நூறு கிராம் மீன் சதையில் எண்பது கிராம் நீர்தான். அதனுடன் 100 மில்லிலிட்டர் குளோரோஃபார்மும் 200 மில்லிலிட்டர் மெத்தனாலும் சேர்த்து அரைத்தால், ஒன்றோடொன்று ஒட்டாத நீரும் குளோரோஃபார்மும் மெத்தனாலின் தரகில் ஒரே கரைசலாகிவிடுகின்றன. கொழுப்பு அந்தக் கரைசலுக்குள் வந்துவிடும். அதன்பின் இன்னும் 100 மில்லிலிட்டர் குளோரோஃபார்மும் 100 மில்லிலிட்டர் நீரும் சேர்த்தால் சமரசம் குலைந்து இரண்டு அடுக்காகப் பிரியும்: கனமான குளோரோஃபார்ம் கொழுப்பைச் சுமந்துகொண்டு கீழே, மெத்தனாலும் நீரும் சர்க்கரை, உப்பு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு மேலே. குளிரில் உலர்த்திய தூளை எடுத்துக்கொண்டு, போன நீரைத் திரும்பச் சேர்க்காமல் இதே அளவுகளை அப்படியே ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் ஊற்றினேன். விகிதம் தவறினால் முறையின் பெயர்தான் மிஞ்சும். கொழுப்பு இரண்டு விழுக்காட்டைத் தாண்டும் மீன்களில் இந்த முறை குறைத்துக் காட்டுகிறது என்று 2001-இல் வெளிவந்த ஓர் ஒப்பாய்வு எடுத்துக்காட்டியது. மெலிந்த சதையுள்ள சிப்பிக்கு அந்தக் குறை பெரிதாக உறைப்பதில்லை.

இப்போது சிவப்புக்கு வருகிறேன். கெராங்கை முதன்முதலில் அறுத்த நாளில், கொழுப்புக்குப் போகுமுன் நிறத்தைப் பார்த்துவிடலாம் என்று சதையைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்த சிவப்பு நீரை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்தேன். இறாலின் ஓட்டில் அஸ்டசாந்தின் என்னும் கரோட்டினாய்டு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து கருநீலமாக இருப்பதையும், வெந்நீரில் போட்டதும் புரதம் குலைந்து நிறமி தன் இயல்பான சிவப்பைக் காட்டுவதையும் அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். படித்ததெல்லாம் கண்முன் காணும் பொருளில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பருவம் அது. நீரில் கரைந்த சிவப்பு என்றால் புரதத்தோடு பிணைந்த கரோட்டினாய்டாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, ஏட்டில் அப்படியே எழுதி, வரைபடத்தையும் ஒட்டிவிட்டேன்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அப்பா அந்த ஏட்டைப் புரட்டினார். எழுத்தைப் படிக்கவில்லை, கோட்டை மட்டும் பார்த்தார். ஆலையில் கரோட்டின் கோடு மூன்று விரல் மடக்கிய முட்டிபோல இருக்கும், நடு விரல் 446 பக்கம் நிற்கும், இது ஒற்றைக் கொம்பாக இருக்கிறதே என்று கேட்டார். அவர் சொன்ன கொம்பு 415 நானோமீட்டரில் நின்றது. அதற்கு வலப்பக்கம் 540-இலும் 576-இலும் இரண்டு சிறு மேடுகள் இருந்தன. கரோட்டினாய்டுகளின் உறிஞ்சல் பொதுவாக 400-க்கும் 500-க்கும் இடையே இப்படி விரல்விரலாகப் பிரிந்து தெரியும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. அதைப் படித்தவள் நான், கண்டுகொண்டவர் அவர்.

415, 540, 576 என்னும் மூன்று எண்களும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு: ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின். நம் இரத்தத்தில் ஓடுவதும் அதுதான். நத்தைக்கும் கணவாய்க்கும் இரத்தத்தில் செம்பு சார்ந்த ஹீமோசயனின் இருப்பதால் அது நீலம் பூக்கும். கூப்பாங், ஆய்ஸ்டர் போன்றவற்றின் இரத்தம் ஏறத்தாழ நிறமற்றது. கெராங் குடும்பமோ இந்த ஊர்வழக்கத்தை மீறி, சிவப்பணுக்களில் இரும்பு சார்ந்த ஹீமோகுளோபினை இரண்டு வகையாக வைத்திருக்கிறது. அலை வற்றிய பின் சேற்றுக்குள் மூச்சுத்திணறக் கிடக்கும் உயிருக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்க ஒரு வழி வேண்டும் அல்லவா?

ஆனாலும் கருவி வரைந்த கோட்டை மட்டும் நம்பாமல், இரண்டையும் நேருக்கு நேர் பிரித்துக் காட்டும் ஒரு சோதனையைச் செய்தேன். செலவில்லாத சோதனை என்பதால் பள்ளி ஆசிரியர்களும் செய்து காட்டலாம். கெராங்கின் சிவப்பு நீரில் ஒரு பங்கு எடுத்து, நான்கு பங்கு அசிட்டோன் ஊற்ற வேண்டும். கரோட்டினாய்டாக இருந்திருந்தால் புரதம் உறைந்து அடியில் விழ, நிறமி விடுபட்டு அசிட்டோனைச் சிவக்க வைத்திருக்கும். நடந்தது தலைகீழ். பழுப்புத் திப்பியாக எல்லாம் கீழே இறங்கியது. மேலே நின்ற அசிட்டோன் வெளிறிய மஞ்சளாக, தேநீரை ஏழு தடவை கழுவிய நீர்போல இருந்தது. அதே திப்பியின் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் கலந்த அசிட்டோனை ஊற்றியதும், ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் நிறப்பகுதியான ஹீம் புரதத்தை விட்டுக் கழன்று, கரைசல் காப்பி நிறமாயிற்று. பன்றி இறைச்சியின் நிறத்தை அளக்க 1956 முதல் பயன்படும் முறை இதுதான்; 640 நானோமீட்டரில் படிக்க வேண்டும். ஆய்வுக் குறிப்பேட்டில் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதியிட்டுக் கையெழுத்து வைத்தேன்; அதுதான் ஆய்வுக்கூட நெறி.

அந்த வெளிறிய மஞ்சள்தான் நான் தேட வேண்டிய கரோட்டினாய்டு. கெராங்கில் அது மிகக் கொஞ்சம். ஆகவே நிறமி ஆய்வுக்குக் கூப்பாங்கைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். கூப்பாங்கில் ஆணின் இனப்பெருக்கத் திசு பால்வெள்ளை; பெண்ணினுடையது செங்கல் கலந்த ஆரஞ்சு. அம்மா சட்டியிலிருந்து அள்ளும்போது ஆரஞ்சு நிறத்தவற்றைத் தனியே எடுத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியின் தட்டில் வைப்பார். ருசி அதில்தான் என்பது அவருடைய தீர்ப்பு. கரோட்டினாய்டும் அதில்தான் கூடுதல் என்பதைக் கருவியும் ஒப்புக்கொண்டது.

சிப்பிகளால் கரோட்டினாய்டைத் தாமாகத் தொடக்கத்திலிருந்து உண்டாக்க முடியாது. கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளை வடிகட்டித் தின்று, அவற்றின் நிறமியை வாங்கி, தம் உடலுக்கேற்ப மாற்றி வைத்துக்கொள்கின்றன. டயட்டம் பாசிகளின் ஃபியூக்கோசாந்தின் இப்படித்தான் கூப்பாங் இனச் சிப்பிகளில் மைட்டிலோசாந்தின் ஆகிறது. இதில் ஒரு தொல்லை உண்டு. சந்தையில் வாங்கிய சிப்பியின் குடலில் நேற்றுத் தின்ற பாசியும் இருக்கும். அதை அப்படியே அரைத்தால் பச்சையமும் அதன் சிதைவுகளும் சாற்றைப் பச்சையாக்கிவிடும், பிறகு எது சிப்பியின் நிறமி, எது அதன் காலைச் சாப்பாடு என்று பிரிக்க முடியாது. அதற்காகச் சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் பட்டினி போட வேண்டும், அல்லது குடலை வெட்டி எடுத்துவிட வேண்டும். வேகவைத்த சிப்பி வயிற்றில் கரும்பச்சையாகத் தெரியும் பகுதியை “அழுக்கு” என்று சொல்லி அம்மா கிள்ளி எறிவதும் அதையேதான்.

நிறமியை எடுப்பது இருட்டில் செய்யும் வேலை. சன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, குடுவைகளுக்கு அலுமினியத் தாள் சுற்றி, மங்கலான விளக்கில் குளிர்ந்த அசிட்டோனை ஊற்றி அரைத்து வடிகட்ட வேண்டும். திப்பி வெளுக்கும்வரை திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். பிறகு பிரிபுனலில் ஹெக்சேனும் உப்புநீரும் சேர்த்து மெல்லச் சாய்த்தால் நிறம் ஹெக்சேனுக்கு இடம் மாறும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். வேகமாகக் குலுக்கினால் சிப்பியின் பாஸ்போலிப்பிடு சோப்பைப் போல வேலை செய்து இரண்டு அடுக்கையும் மோராக்கிவிடும். அந்த மோர் தெளிய ஒருமுறை நான் மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலைவரை காத்திருந்தேன். தெளிந்த ஹெக்சேனை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டின் மேல் ஓட்டி ஈரத்தைப் போக்கி, நாற்பது டிகிரிக்கு மேல் போகாமல் சுழல் ஆவியாக்கியில் வற்றவைத்தால், குடுவையின் அடியில் நகக்கண் அளவு ஆரஞ்சுப் பசை மிஞ்சும். முப்பது கூப்பாங்கின் நிறம் அவ்வளவுதான்.

அந்தப் பசையில் நிறமியைவிடக் கொழுப்பு பல மடங்கு அதிகம். கொழுப்பைக் களைய எல்லோரும் சொல்லும் வழி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து இரவு முழுவதும் வைத்துச் சோப்பாக்கிக் கழுவிவிடுவது. செம்பனை எண்ணெயின் பீட்டா கரோட்டினுக்கு அது சரி. காரம் அதைத் தொடாது. சிப்பி நிறமிகளில் சில காரத்தைத் தாங்காதவை. ஃபியூக்கோசாந்தின் அதில் சிதைந்துபோகும். அஸ்டசாந்தின் காற்றோடு சேர்ந்து அஸ்டாசின் என்னும் வேறொரு பொருளாகிவிடும். விஞ்ஞான உலகமே இதில் சில ஆண்டுகள் ஏமாந்தது: 1933-இல் ரிச்சர்ட் குன்னும் லெடரரும் கல் இறாலிலிருந்து பிரித்தெடுத்து அஸ்டாசின் என்று பெயரிட்டது இயற்கை நிறமியே அன்று, காரத்தில் பிறந்த மாற்றுரு என்பதை 1938-இல்தான் குன்னும் சோரன்சனும் தெளிவுபடுத்தினார்கள். நான் ஏமாந்தது ஓர் இரவுதான் என்பதால் என்னை மன்னித்துக்கொண்டேன். அதன்பின் காரத்தைத் தவிர்த்து, சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பசையை ஏற்றி, முதலில் ஹெக்சேன், பிறகு சிறிது சிறிதாக அசிட்டோனைக் கூட்டி இறக்கினேன். மஞ்சள் பட்டை ஒன்று வேகமாக இறங்கியது, அதன்பின் ஆரஞ்சு, மேலே நகர மனமில்லாமல் ஒரு செந்நிறப் பட்டை. இலைச் சாற்றைச் சுண்ணத் தூளில் இறக்கி இந்த வித்தையை முதலில் கண்டவர் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெத். 1906-இல் குரோமட்டோகிராஃபி என்று அதற்குப் பெயரிட்டவரும் அவரே. ரஷ்ய மொழியில் அவருடைய குடும்பப் பெயருக்கே ‘நிறம்’ என்றுதான் பொருள். இன்று இந்தப் பட்டைகளை அழுத்தத்தில் இயங்கும் திரவ வண்ணப்பிரிகைக் கருவி அரைமணி நேரத்தில் பிரித்து எண்ணிக் கொடுத்துவிடும். இருந்தாலும் கண்ணாடிக் குழாயில் நிறம் தானாகப் பிரிந்து இறங்குவதைப் பார்த்த பிறகு அந்தத் திரைக் கோடுகள் எனக்குச் சப்பென்று இருந்தன.

கொழுப்பின் பக்கம் வேலை இன்னும் நுணுக்கமானது, தவறும் இன்னும் வெட்கக்கேடானது. பிரித்தெடுத்த கொழுப்பை நைட்ரஜன் வாயுவின் கீழ் வற்றவைத்து எடை போட வேண்டும். இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த சிப்பிக் கொழுப்பு காற்றுப் பட்டால் ஓரிரு நாளில் சிக்கு நாற்றம் எடுக்கும். அதில் ஒரு துளியைச் சிலிக்கா பூசிய தகட்டில் வைத்து, ஹெக்சேன், டையெத்தில் ஈதர், சிறிது அசிட்டிக் அமிலம் கலந்த தொட்டியில் நிறுத்தினால், பாஸ்போலிப்பிடு வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கொலஸ்ட்ரால் வகையைச் சேர்ந்த ஸ்டீரால் சற்று மேலேறும். எண்ணெய் அதற்கும் மேலே போகும். அயோடின் ஆவியில் காட்டினால் ஒவ்வொன்றும் பழுப்புப் பொட்டாகத் தெரியும். செம்பனை எண்ணெயையும் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன்: அதில் மேல்பொட்டு மட்டும் தடித்திருந்தது, கெராங்கில் கீழ்ப்பொட்டுதான் கனம்.

கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே அறிய அவற்றை மெத்தில் எஸ்டர்களாக மாற்றி வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்த வேண்டும். செம்பனை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் சுமார் 44 விழுக்காடு, ஒலியிக் 39, லினோலியிக் 10. மூன்று கொம்பில் கதை முடிந்துவிடும். சிப்பியிலோ நாற்பதுக்கும் மேற்பட்ட கொம்புகள் எழும். இருபது கார்பனும் ஐந்து இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஈ.பி.ஏ., இருபத்திரண்டு கார்பனும் ஆறு பிணைப்பும் கொண்ட டி.எச்.ஏ. என்னும் ஒமேகா 3 அமிலங்கள் இரண்டும் நுண்பாசிகளின் தயவில் வந்தவை. அவற்றுக்கு நடுவே, விற்பனைக்குக் கிடைக்கும் எந்தத் தரக் கலவையோடும் பொருந்தாத சில கொம்புகள் நிற்கும். இரட்டைப் பிணைப்புகள் வழக்கமான இடைவெளியில் இல்லாமல் தள்ளித் தள்ளி அமைந்த இருபத்திரண்டு கார்பன் அமிலங்கள் அவை. சிப்பிகள் அவற்றைத் தாமே உண்டாக்குகின்றன. அவற்றை இனங்காண, மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானி இணைத்த கருவி வேண்டும்.

அந்தக் கருவியில் மாதிரியை ஓட்டிய நாளில், ஒரு பெரிய கொம்பு 149 என்னும் அயனி எண்ணோடு எழுந்தது. எந்தப் பட்டியலிலும் பார்க்காத கொழுப்பு அமிலம் என்று இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது, சிப்பி போடாமல் மருந்தை மட்டும் ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். ஆலையில் ஒவ்வொரு காலையும் அவர் செய்த முதல் வேலை அதுதான். வெறும் கரைப்பானை அளந்து, அந்த எண்ணை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிப்பது. ஓட்டிப் பார்த்தேன். சிப்பியே இல்லாத குடுவையிலும் அதே கொம்பு அதே உயரத்தில் நின்றது. 149 என்பது தாலேட்டுகளின் கைரேகை. பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் பொருள் அது. நான் குளோரோஃபார்மை வசதிக்காகப் பிளாஸ்டிக் கழுவுபுட்டியில் ஊற்றி வைத்திருந்தேன். குளோரோஃபார்ம் கையில் கிடைத்த பிளாஸ்டிக்கையெல்லாம் நக்கிவிடும். அன்று முதல் கண்ணாடியும் டெஃப்லானும் தவிர வேறெதையும் என் மேசையில் விடவில்லை.

ஆய்வு முடியும் தறுவாயில் அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு கண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவர் விலக்கச் சொன்ன பட்டியலில் இறால், கணவாய் ஆகியவற்றோடு கெராங்கும் இருந்தது, காரணம் கொலஸ்ட்ரால். இறாலில் கொலஸ்ட்ரால் மிகுதி என்பதில் ஐயமில்லை. இரட்டை ஓட்டுச் சிப்பிகளின் கதை சற்று வேறு. பழைய நிறமாற்றச் சோதனைகளில் அமிலம் சேர்த்துப் பச்சையாகும் ஸ்டீரால்கள் எல்லாம் கொலஸ்ட்ரால் கணக்கில் ஏறின. சிப்பிகளிலோ பாசிகளிலிருந்து வந்த பிராசிகாஸ்டீரால் போன்ற பல ஸ்டீரால்கள் கொலஸ்ட்ராலோடு கலந்திருக்கின்றன. வாயு வண்ணப்பிரிகை வந்து ஒவ்வொன்றையும் தனியே எண்ணத் தொடங்கிய பிறகுதான், சிப்பிகளின் கொலஸ்ட்ரால் முன்பு எழுதி வைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. இதை அப்பாவிடம் சொன்னேன். மருத்துவர் சொன்னதை மீறச் சொல்லவில்லை. அரைவேக்காட்டுக் கெராங்கில் உள்ள ஆபத்து வேறு வகை: 1988-இல் ஷாங்காயில் சரியாக வேகாத, கெராங் குடும்பத்துச் சிப்பிகளைத் தின்று ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஹெபடைடிஸ் ஏ நோயில் விழுந்தார்கள். உள்ளே இரத்தம் சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று ருசி பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும். ஹீமோகுளோபின் உறைந்து பழுப்பான பிறகும் நன்றாக வேகட்டும்.

அப்பாவுக்குக் கடைசிவரை ஒரு குறை இருந்தது. இவ்வளவு அளந்தவள் டோபி பார்க்கவில்லையே என்றார். டோபி செம்பனை எண்ணெய்க்கு மட்டுமே பொருந்தும் அளவை, சிப்பிக் கொழுப்பில் 269 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் பிற பொருள்கள் பல உண்டு, எண்ணுக்குப் பொருள் இருக்காது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த வாரமும் கேட்டார். ஒரு சனிக்கிழமை, மேசையைத் துடைத்து மூடுமுன், மீதமிருந்த பெண் கூப்பாங்கின் கொழுப்பை ஹெக்சேனில் கரைத்து இரண்டு அலைநீளத்திலும் படித்தேன். அதே கொழுப்பில் இன்னொரு பங்கை மூடியைத் திறந்து சன்னலோரம் இரண்டு வாரம் வைத்திருந்து மறுபடி படித்தேன். ஆரஞ்சு வெளுத்திருந்தது, எண் இன்னும் இறங்கியிருந்தது. ஆய்வேட்டில் இந்த இரண்டு எண்களுக்கும் இடமில்லை. அப்பா தம் பழைய ஆலைக் குறிப்பேட்டைப் பரணிலிருந்து எடுத்து, கடைசியாக எழுதிய எண்ணெய் டாங்கி எண்ணுக்குக் கீழே ‘கூப்பாங்’ என்று எழுதி இரண்டையும் பதிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “ரெண்டுமே 1.68-க்குக் கீழம்மா. இந்தச் சரக்கை எந்த ரிஃபைனரியும் எடுக்க மாட்டான்.”